கறுப்படிக்காத வட்டம்

ஏற்காடு
12.6.1988

அன்புள்ள தம்பி அங்கப்பனுக்கு அக்கா ராசாத்தி எழுதுவது.

நாலாவது நோட்டு தனிப் பார்சலாக வருகிறது. மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் இதற்கே போயின. பால்வாடி டீச்சர் வருகிறாள் என்றால் முன்பெல்லாம் சொட்டு மருந்துக்குப் பயந்து பிள்ளைகளை ஒளித்துவைப்பார்கள். இப்போது பெரியவர்கள் ஒளிந்துகொள்கிறார்கள். யாருக்கு யார் பிறந்தது, யார் எந்த ஊருக்குக் கட்டிக்கொண்டு போனது என்று கேட்டுக் கேட்டு என் தொண்டை வற்றிவிட்டது. நீ சொன்னபடியே ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நம் தம்பி செல்லப்பன் மாதிரி வெளுத்துப்போய்ச் செத்தவர்களுக்கு உள்ளே கறுப்பு. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

ஒரு சங்கதி உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை பிள்ளை என்று கேட்டால் இங்கே காது குத்தின பிள்ளைகளை மட்டும்தான் சொல்வார்கள். அதற்கு முன்னால் போனதைக் கணக்கில் சேர்ப்பது ஆகாது. இதை மறந்து முதல் மூன்று நோட்டையும் எழுதிவிட்டேன். இந்த முறை திரும்பப் போய்க் கேட்டேன். பாதிப் பேர் வாயைத் திறக்கவில்லை. நம் அப்பாவின் அத்தை, எண்பது வயது அத்தாயி, "ரெண்டு வந்துச்சு, வெளுத்துப் போச்சு. காது குத்தாததையெல்லாம் எதுக்குக் கண்ணு எழுதற?" என்றார். அந்த இரண்டையும் பென்சிலால் போட்டிருக்கிறேன். பேனாவால் எழுதக் கூச்சமாக இருந்தது.

இப்போது என் காரியம். அதே அத்தாயியின் மகள் வயிற்றுப் பேரன் மாதப்பன், என் மகள் சாந்திக்கு மாமன் முறை. பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். பையன் நல்லவன், ஆரஞ்சுத் தோட்டமும் நாலு ஏக்கர் காப்பியும் இருக்கிறது, சாந்திக்கும் பிடித்திருக்கிறது. அவளுக்கு வயது இருபது. ஆனால் எனக்குச் செல்லப்பன் ஞாபகம் விடமாட்டேன் என்கிறது. முகாமுக்கு வந்த டாக்டர் அம்மா, திடமாக இருப்பவர்கள் ரத்தத்திலும் அந்த நோய் ஒளிந்திருக்கும், இரண்டு பக்கமும் இருந்தால்தான் பிள்ளையைப் பிடிக்கும், கீழே பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் ரத்தத்தையும் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். கல்யாணத்துக்கு முன்னால் ரத்தம் பார்க்கலாம் என்று நான் சொன்னால் மாதப்பன் வீட்டில் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். நீதான் அந்தக் கம்ப்யூட்டர் மெஷினில் எல்லாம் போட்டு வைத்திருக்கிறாயே. பார்த்துச் சொல். நீ சொன்னால் சரி.

வேளைக்குச் சாப்பிடு. பெங்களூர்க் குளிருக்கு நம் மலைக் குளிர் ஒன்றும் குறைவில்லை, ஸ்வெட்டர் கேட்காதே.

ராசாத்தி

பெங்களூர்
9.7.1988

அன்புள்ள அக்காவுக்கு,

நோட்டு வந்தது. என் வழிகாட்டி புரட்டிப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு குடும்ப வரைபடம் இந்த நாட்டில் வேறு யாரிடமும் இருக்காது என்றார். உங்களுக்குப் பால்வாடியிலிருந்து இங்கே மாற்றல் வாங்கிவிடலாமா என்று கேட்டார்.

நான் என்ன செய்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் கேட்பீர்கள், ஒவ்வொரு முறையும் நான் சொல்லி நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். ஆனாலும் சொல்கிறேன். மரத்தில் கிளை பிரியும். பிரிந்த கிளைகள் மறுபடி ஒட்டுவதில்லை. குடும்பமும் அப்படி இருந்துவிட்டால், நோய் யாரிடம் ஒளிந்திருக்கிறது என்ற கணக்கை மெஷின் சுலபமாக முடித்துவிடும். நம் ஆட்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்துக் கிளையோடு கிளையைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு சுற்று சேர்ந்தால் கணக்குக்கு மூன்று மடங்கு நேரம். இன்னொன்று சேர்ந்தால் அதற்கும் மூன்று மடங்கு. சுற்றுகள் பெருகினால் எவ்வளவு பெரிய மெஷினுக்கும் கைமீறிப் போகும் என்று காட்டுவது என் ஆய்வின் பாதி. அப்படியும் எப்படிச் சமாளிப்பது என்பது மீதி.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மெஷினுக்குத் தோதாக வரைபடத்தைக் கொஞ்சம் ஒழுங்கு செய்துகொண்டு, சாந்தியையும் மாதப்பனையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். பிறக்கும் பிள்ளைக்கு நோய் வர முந்நூற்றறுபதில் ஒரு பங்குதான் வாய்ப்பு. பயப்படும்படி இல்லை. ரத்தம் பார்க்கிறேன் என்று அவர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். தைரியமாகத் தேதி குறியுங்கள். மாமன் சீர் என்ன என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், என் உதவித்தொகை உங்களுக்குத் தெரியும்.

அங்கப்பன்

ஏற்காடு
3.9.1989

தம்பிக்கு,

சாந்தியின் குழந்தை செவந்திக்கு நாலு மாதம் ஆகிறது. நீ அனுப்பின சட்டை இரண்டு வருஷம் கழித்துத்தான் பொருந்தும். கணக்குப் படித்தவன் கடையில் அளவு கேட்டு வாங்க மாட்டாயா? சாந்தி சிரித்துக்கொண்டே பெட்டியில் மடித்து வைத்துவிட்டாள்.

காது குத்து பற்றி எழுதியிருந்தாய். தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். சாந்திக்குக் கூடப் பிறந்தவன் இல்லாததால் நீதான் மடி கொடுக்க வேண்டும். தையில் வைக்கலாம் என்றார்கள். ஆய்வேட்டை ஒப்படைக்கும் நேரம், வைகாசித் திருவிழாவுக்குக் கட்டாயம் வருகிறேன் என்று நீ எழுதினதால் தள்ளிப்போட்டிருக்கிறோம். சேர்வராயன் கோயிலிலேயே குத்திவிடலாம் என்று மாதப்பனும் சொன்னான்.

குழந்தை கொழுகொழு என்று இருக்கிறாள். என்னைப் பார்த்தால் மட்டும் அழுகிறாள், ஊசி போடுகிறவள் என்று நினைக்கிறாள் போல.

ராசாத்தி

ஏற்காடு
21.1.1990

தம்பி,

செவந்தி வெளுத்துவிட்டாள்.

ஒரு மாதமாகவே எனக்குத் தெரியும். சாந்தியிடம் சொல்லவில்லை. குழந்தையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பதும், ஒன்றும் இல்லை என்று விட்டுவிடுவதுமாக இருந்தேன். போன வியாழக்கிழமை அவளே கேட்டுவிட்டாள். "ஏம்மா, இவ உள்ளங்கை ஏன் இப்படி இருக்குது? செல்லப்ப மாமாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?" என்றாள். நான் குழந்தையை வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டேன். சேலத்துக்குக் கூட்டிப்போய் ரத்தம் ஏற்றினோம். பஸ்ஸில் மலை ஏறி வரும்போது கன்னம் கொஞ்சம் சிவந்திருந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டுமாம். எத்தனை வருஷத்துக்கு என்று மாதப்பன் கேட்டான். டாக்டர் அடுத்த தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

நீ சொன்ன முந்நூற்றறுபதில் அந்த ஒன்று இவள்தானா?

ராசாத்தி

பெங்களூர்
2.2.1990

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். வாய்ப்பு குறைவு என்றால் இல்லை என்று ஆகாது. அதை நான் அப்போதே இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

ரத்தம் ஏற்றுவதை ஒருமுறைகூட விட்டுவிடாதீர்கள். கொஞ்சம் பணம் அனுப்பியிருக்கிறேன். மார்ச் முடிந்ததும் வருகிறேன். குழந்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அங்கப்பன்

ஏற்காடு
29.4.1990

தம்பி அங்கப்பனுக்கு,

நீ வந்து போனபோது பேச முடியவில்லை. செவந்தி போன மூன்றாம் நாள் வந்தாய், பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறிவிட்டாய். சாந்தி உன்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று வருத்தப்படாதே, யாரிடமும்தான் பேசவில்லை. குழந்தையின் துணிகளைத் துவைத்துக் காயப்போடுகிறாள். மறுநாள் அதையே எடுத்துத் துவைக்கிறாள். நீ வாங்கின பெரிய சட்டையும் அதில் இருக்கிறது.

செவந்திக்குக் காது குத்தாததால் சடங்கு ஒன்றும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மாதப்பனின் அப்பா வந்து, "அதைப் பத்திப் பேசாதீங்க. இனிமே பொறக்கறதுதானுங்க மொதப் புள்ள" என்றார். அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். சாந்தி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

தம்பி, இது என்னால் வந்தது. நோட்டில் எழுத வேண்டியதை எழுதாமல் விட்டவள் நான். தவறான நோட்டை வைத்துக்கொண்டு நீ என்ன கணக்குப் போட்டாலும் தவறாகத்தான் வரும். நீ உன்னை நொந்துகொண்டு உட்கார்ந்திருக்காதே. உன் படிப்பைப் பார்.

ராசாத்தி

பெங்களூர்
15.5.1990

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் அப்படி எழுதக் கூடாது. இத்தனை பேர் உள்ள வரைபடத்தில் விடுபடாமல் எதுவும் இருக்காது. யாரையும் குற்றம் சொல்ல இதில் இடமில்லை. இயற்கை போடும் கணக்கு நம் கையில் இல்லை.

ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டேன். சாந்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கப்பன்

ஏற்காடு
16.12.1990

தம்பிக்கு,

டாக்டர் பட்டம் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். பால்வாடிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கை சர்க்கரை கொடுத்தேன். அப்பா இருந்திருந்தால் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் வரை போய்ச் சொல்லிவிட்டு வந்திருப்பார்.

சாந்தி எட்டு வாரமாக என்னோடு இருக்கிறாள். அவளுடைய மாமியாரும் மாமனாரும் கொண்டுவந்து விட்டார்கள். செல்லப்பன் போனது எங்கள் பக்கம், அதனால் நோய் எங்கள் பக்கத்து ரத்தம் என்கிறார்கள். தங்கள் பக்கத்தில் நோயே இல்லை என்று மெஷினே சொன்னதே என்று உன் பழைய கடிதத்தை என்மேலேயே திருப்புகிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் நான்தான் அதை எடுத்துப்போய், பயப்படும்படி இல்லை என்ற வரியை மட்டும் படித்துக் காட்டியிருந்தேன். நாலு பேர் முன்னால், நோட்டு எழுதினதில் என் தப்பு இருக்கிறது, என்னைச் சொல்லுங்கள், அவளைச் சொல்லாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். கேட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மாதப்பன் தலையைக் குனிந்துகொண்டே நின்றான். மாதப்பனுக்கு வேறு இடத்தில் பெண் பார்ப்பதாகவும் காதில் விழுகிறது.

உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன். நீ என்ன செய்ய முடியும்.

ராசாத்தி

பெங்களூர்
6.2.1991

அக்கா,

இந்தக் கடிதத்தை ஏழாவது முறையாக எழுதுகிறேன். இதையும் கிழித்துவிடுவேனோ என்ற பயத்தில், தபால் தலையை முதலிலேயே ஒட்டிவிட்டேன்.

நீங்கள் தப்புச் செய்யவில்லை. செய்தவன் நான்.

உங்கள் நோட்டில் எல்லாம் இருந்தது. அத்தாயியின் இரண்டு பிள்ளைகளும் பென்சிலில் இருந்தார்கள். நான் பார்த்தேன். ஆனால் நம் வரைபடத்தில் என்னால் சமாளிக்க முடிந்த அளவைவிட ஒன்பது சுற்றுகள் அதிகம். அப்படியே போட்டால் ஒரு மணி நேரக் கணக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடும். எனக்கு அந்த மெஷினில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் கொடுத்திருந்தார்கள். ஆகவே ஒன்பது இடங்களில் கோட்டை வெட்டினேன். தூரத்து உறவுகளை வெட்டினால் பிழை சிறிதாகவே இருக்கும் என்பது என் மூன்றாம் அத்தியாயம். அதைப் பாராட்டித்தான் பட்டம் கொடுத்தார்கள்.

சாந்தியையும் மாதப்பனையும் சேர்த்ததும் ஒரு சுற்று மூடியது. அதை எங்கே வெட்டினேன் தெரியுமா? மாதப்பனின் அம்மாவுக்கு மேலே. அவரை அத்தாயியிடமிருந்து பிரித்து, 'வெளியிலிருந்து வந்தவர்' என்று மெஷினுக்குச் சொன்னேன். யாரோ ஊர் பேர் தெரியாத பெண் என்று. சின்ன வயதில் அவர் கையால் கேழ்வரகுக் களி வாங்கித் தின்றவன் நான்.

வெட்டாமல் விட்டிருந்தால் அத்தாயியிடம் நோய் ஒளிந்திருப்பது தெரிந்திருக்கும். முந்நூற்றறுபதில் ஒன்று முப்பத்தாறில் ஒன்றாக ஆகியிருக்கும். அப்படி ஒரு எண் வந்திருந்தால் நானே லீவு போட்டு வந்து, யார் கோபித்தாலும் சரி என்று இருவரையும் ரத்தம் பார்க்கக் கூட்டிப் போயிருப்பேன். ரத்தம் பார்த்திருந்தால் எண்ணே தேவைப்பட்டிருக்காது. இதில் இன்னொன்றும் உண்டு. இந்த ஒரு ஜோடிக்கு மட்டும் என்றால் மெஷினே வேண்டியதில்லை. தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்திருந்தால் பத்து நிமிஷத்தில் போட்டிருக்கலாம். நான் உட்காரவில்லை. நீங்கள் கேட்டது என்னை, நான் மெஷினைக் கேட்டேன்.

உங்கள் ஜனவரிக் கடிதம் வந்த அன்றே நோட்டை எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்த நான்கு நாளும் தெரியும். நீங்கள் பழியை உங்கள் மேல் போட்டுக்கொண்டு எழுதியபோது, இயற்கையின் கணக்கு என்று பதில் எழுதினேன். அப்போது தேர்வாளர்கள் ஆய்வேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அக்கா. வாய்மொழித் தேர்வில் ஒருவர், நீங்கள் வெட்டிய இடங்களில் இருந்தவர்கள் யார் என்று தெரியுமா என்று கேட்டார். தூரத்து உறவினர்கள் என்றேன்.

நீங்கள் நாலு பேர் முன்னால் கும்பிட்டதாக எழுதிய கடிதத்துக்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இந்தக் கடிதத்தை மாதப்பன் வீட்டில் படித்துக் காட்டுங்கள். நோய் இரண்டு பக்கமும் இருந்தது, சொன்னவன்தான் மறைத்தான் என்று சொல்லுங்கள். மூன்றாம் அத்தியாயம் தவறு என்று என் வழிகாட்டிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதனால் செவந்தி வரப் போவதில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

அங்கப்பன்

ஏற்காடு
10.3.1991

தம்பி அங்கப்பனுக்கு,

உன் கடிதத்தைப் பால்வாடியிலேயே வைத்து மூன்று முறை படித்தேன். பிள்ளைகள் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

முதலில் எனக்குக் கோபம் வரவில்லை. ஆறுதலாக இருந்தது. அப்பாடா, நான் மட்டும் இல்லை என்று. அப்படி நினைத்ததற்காக என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. கோபம் அப்புறம்தான் வந்தது, நன்றாகவே வந்தது. வெட்டினது கூடப் பெரிதில்லை. அக்கா எரிகிறாள் என்று தெரிந்தும் ஒரு வருஷம் பார்த்துக்கொண்டு இருந்தாயே. நான்தானே உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தேன். அதை இன்னும் கொஞ்ச நாள் மறக்க மாட்டேன். நீயும் மறக்கச் சொல்லாதே.

மாதப்பன் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். அவன் அம்மா, "எங்கம்மா பெத்ததையெல்லாம் கிண்டாதீங்க" என்று கத்தினாள். கட்டிலில் கிடந்த அத்தாயிதான் அவளை அடக்கினார். "எம் புள்ளைங்கதான். ரெண்டும் வெளுத்துத்தான் போச்சுங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பெண் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். மாதப்பன் ஞாயிற்றுக்கிழமை வந்து கூப்பிட்டான். சாந்தி போகவில்லை. போவாளா என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் ஜனத்தொகை எடுக்கக் குழந்தைவேல் வாத்தியார் வந்தார். சாந்தியிடம், உயிரோடு பிறந்தது எத்தனை என்று கேட்டார். நான் அவள் சார்பில் ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வழக்கம் அப்படித்தானே. அவள் என்னை முந்திக்கொண்டு, "ஒண்ணுங்க. செவந்தின்னு எழுதிக்கோங்க" என்றாள். பேர் எழுத அங்கே இடமில்லை என்று வாத்தியார் சொன்னார். ஒன்று என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

பிறகு என்னைக் கேட்டார். இருபது வருஷத்துக்கு மேலாக இந்தக் கேள்விக்கு ஒன்று என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அன்றைக்கு இரண்டு என்றேன். சாந்தி திரும்பி என்னைப் பார்த்தாள்.

சாந்திக்கு ஒரு அண்ணன் இருந்தான், தம்பி. நீ ஒன்றாம் வகுப்பு படித்த வருஷம். உன்னைக் கொஞ்ச நாள் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார்களே, அப்போது. ஏழு மாதம் இருந்தான். பேர் வைக்கவில்லை, சாமி என்றுதான் கூப்பிட்டேன். அவனுக்கும் உள்ளங்கை வெளுத்திருந்தது. நாலு வருஷம் கழித்துச் செல்லப்பனுக்கு அதே வெளுப்பு வந்தபோது எனக்கு மட்டும் எல்லாம் புரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஊர்க் கிழவிகளையெல்லாம் உட்கார வைத்து, செத்த பிள்ளையைச் சொல்லு சொல்லு என்று கேட்டேனே, என் பிள்ளையை எழுதினேனா? நான் எழுதாமல் விட்டது அவனைத்தான். அவனை எழுதியிருந்தால் உன் எண் இன்னும் மாறியிருக்கும் இல்லையா? எவ்வளவு என்று எனக்குச் சொல்லாதே.

அவன் இருந்திருந்தால் செவந்தியின் காதுகுத்துக்கு நீ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மடி வீட்டிலேயே இருந்திருக்கும்.

புது நோட்டு ஒன்று இதோடு வருகிறது. பழைய நோட்டு நாலையும் பார்த்து, ஒரு கோடு விடாமல் திரும்ப எழுதியிருக்கிறேன், எல்லாம் பேனாவால். அத்தாயிக்குக் கீழே இரண்டு. எனக்குக் கீழே ஒரு சதுரம் சேர்த்திருக்கிறேன். சாந்திக்குக் கீழே ஒரு வட்டம், பக்கத்தில் பேரை அவளே எழுதினாள். அத்தாயியின் பிள்ளைகளுக்குக் கறுப்பு அடித்துவிட்டேன். இந்த இரண்டுக்கும் அடிக்க எனக்குக் கை வரவில்லை. சாந்தியிடம் பேனாவைக் கொடுத்தேன், அவளும் வைத்துவிட்டாள். அதை நீ அடி.

அடித்துவிட்டு முதலிலிருந்து கணக்கைப் போடு. இந்த மலையில் இன்னும் எத்தனையோ பேர் பெண் எடுக்கவும் கொடுக்கவும் காத்திருக்கிறார்கள். இந்த முறை யாரையும் வெளியிலிருந்து வந்தவர் என்று சொல்லாதே. இரண்டு வருஷம் ஓடும் என்றால் ஓடட்டும். நாங்கள் இங்கேதான் இருப்போம்.

ராசாத்தி